ஞாயிறு மத்தியானத்துக்கு எந்தப் படை? பெங்களூர்க்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

மினியேச்சர் போர் விளையாட்டில் இறங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, ‘எந்தப் படை பலமானது?’ என்றுதான். போட்டிகளுக்குப் போகிறவருக்கு அது சரியான கேள்வி. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டை முடித்துவிட்டு, நண்பர் வீட்டு ஹாலில் இரண்டு மூன்று மணி நேரம் ஆடி, டிராஃபிக் ஏறுவதற்குள் வீடு திரும்ப நினைக்கிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவர் யோசிக்க வேண்டியது வேறு. நம் கூட்டத்தில் இதில் ஆர்வம் ரொம்பக் குறைந்த ஆள் யார்? அவர் இரண்டாவது தடவையும் வருவாரா?

எங்கள் கூட்டத்தில் அப்படி ஒருவன் உண்டு. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. விதிப் புத்தகத்தைப் பார்த்தாலே கொட்டாவி வரும். ஆனால் பகடையைக் கையில் கொடுத்தால் அல்சூரில் பாதித் தெருவுக்குக் கேட்கும் அளவுக்குக் கத்துவான். அவனுக்குப் பிடிக்காத எந்த ஆட்டமும் எங்கள் வட்டத்தில் இரண்டு மாதம் தாண்டியதில்லை. ஆகவே இங்கே ஆறு ஆட்டங்களை ஒப்பிடும்போது அவன்தான் அளவுகோல்.

புதியவர்களுக்கு இரண்டு வரி. ஒரு சதுரங்கக் காய் உயரத்தில் இருக்கும் வீரர்களை மேசையில் நிறுத்துவோம். கட்டம் கிடையாது, இன்ச் டேப் வைத்து அளந்து நகர்த்துவோம். சுட்டது பட்டதா என்பதைப் பகடை சொல்லும். சுவர், மரம், இடிந்த கட்டடம் எல்லாம் நாமே செய்து வைப்பது. பொம்மைகளை ஒட்டிப் பெயின்ட் அடிப்பது பாதிப் பொழுதுபோக்கு, ஆடுவது மீதிப் பாதி.

பெரிய அண்ணனிலிருந்து தொடங்கலாம்

வார்ஹேமர் 40,000, சுருக்கமாக 40,000. 1987-இல் இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் கொண்டுவந்தது. முதல் பதிப்பை எழுதியவர் ரிக் ப்ரீஸ்ட்லி. யூடியூபில் இந்தப் பொழுதுபோக்கைப் பார்த்து மயங்கிய யாரும் பெரும்பாலும் இதைத்தான் பார்த்து மயங்கியிருப்பார்கள். பொம்மைகளின் அழகுக்கு இணை சொல்வது கஷ்டம். பின்னணிக் கதைகள் ஒரு நூலகத்தையே நிரப்பும்.

ஆனால் பொழுதுபோக்காக ஆடுகிறவருக்கு முழு அளவு ஆட்டம், அதாவது ஆளுக்கு 2000 புள்ளிப் படை (ஒவ்வொரு பிரிவுக்கும் புள்ளியில் ஒரு விலை உண்டு), சில விதங்களில் ஒத்துவராது. முதலில் மேசை. அந்த அளவுக்குச் சொல்லப்பட்ட களம் 44 இன்ச்சுக்கு 60 இன்ச். நம் வீடுகளில் இருக்கும் ஆறு பேர் சாப்பாட்டு மேசை பெரும்பாலும் 36-க்கு 60. நீளம் சரியாக இருக்கும், அகலத்தில் 8 இன்ச் உதைக்கும். ஸ்டேஷனரி கடையில் இரண்டு சன்போர்டு வாங்கி மேலே விரித்தால் சமாளிக்கலாம். ஓரத்தில் முழங்கையை மட்டும் ஊன்றக் கூடாது.

அடுத்தது நேரம். பழகிய கைகளுக்கே போட்டிகளில் ஓர் ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் போல ஒதுக்குகிறார்கள். நடுநடுவே விதி தேடி, டீ குடித்து, கதை பேசி ஆடும் வீட்டு ஆட்டம் அரை நாளைத் தின்றுவிடும். அதிலும் ஒருவர் தன் படை முழுவதையும் நகர்த்தி, சுட்டு, பாய்ந்து, அடித்து முடித்த பிறகுதான் மற்றவரின் முறை வரும். அதுவரை அவர் தற்காப்புப் பகடை உருட்டலாம், போனைப் பார்க்கலாம்.

ஒரே ஒரு துப்பாக்கிச் சூட்டைக் கிட்டத்தில் பார்ப்போம். பத்து ஸ்பேஸ் மரீன்கள், அதாவது கவசம் போட்ட விண்வெளி வீரர்கள், ஆளுக்கு இரண்டு குண்டு. எதிரே ஓர்க் என்ற பச்சை அரக்கர் கூட்டம். இருபது பகடை எடுத்து உருட்ட வேண்டும். 3-ம் அதற்கு மேலும் விழுந்தவை பட்டவை, ஏறக்குறைய பதின்மூன்று. அவற்றைத் திரட்டி மறுபடி உருட்டினால் 5-ம் 6-ம் மட்டுமே காயம், நான்கு போல. அந்த நான்கை எதிராளி எடுத்து உருட்டுவார். 6 விழுந்தால் கவசம் காப்பாற்றும். கடைசியில் மூன்று அல்லது நான்கு ஓர்க் சாவார்கள். முப்பத்தேழு பகடை உருட்டலுக்கு நாலு பொம்மை! இதற்கு நடுவில் சிறப்பு விதிகள், மறுஉருட்டல், கட்டளைப் புள்ளி செலவழிக்கும் தந்திரங்கள் வேறு. எனக்கு இந்தச் சடங்கு பிடிக்கும், பகடை உருளும் சத்தமே தனி இசை. எலெக்ட்ரானிக் சிட்டிக்காரன் இரண்டாவது உருட்டலிலேயே ‘இப்ப நான் ஜெயிச்சேனா தோத்தேனா, அதை மட்டும் சொல்லு’ என்பான்.

மூன்றாவது பிரச்சினை, இந்த ஆட்டம் ஓரிடத்தில் நிற்காது. எட்டாவது பதிப்பு 2017, ஒன்பதாவது 2020, பத்தாவது 2023. ஒரே பதிப்புக்குள்ளும் புள்ளிகளும் விதிகளும் வருடத்தில் பல தடவை திருத்தப்படும். போட்டிகளில் எந்தப் படை அதிகம் ஜெயிக்கிறது என்று கணக்கெடுத்து, மேலே இருப்பதைத் தட்டிக் கீழே இருப்பதைத் தூக்கும் ஏற்பாடு அது. போட்டி ஆடுகிறவர்களுக்கு நியாயமானதுதான். மூன்று மாதம் ரிலீஸ் வேலையில் முழுகிவிட்டு வருகிறவருக்கோ, பழைய படைப் பட்டியலை எடுத்து வைத்தால் அது இப்போது செல்லாது.

இதையெல்லாம் மீறி ஒன்று சொல்ல வேண்டும். இரண்டே பேர், இருவருக்கும் இதில் பைத்தியம், மாதம் ஒரு தடவையாவது சந்திப்பது உறுதி என்றால், 2020 முதல் இருக்கும் குருசேட் என்ற தொடர்கதை முறைக்கு ஈடாக வேறொன்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு போரிலும் பிழைத்த பிரிவுக்கு அனுபவம் கூடும், பட்டம் கிடைக்கும், அடிபட்டால் தழும்பு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். ஆறாவது ஆட்டத்தில் அந்தப் பழைய டாங்கி மறுபடி களத்துக்கு வரும்போது இரண்டு பேருக்கும் அதன் சரித்திரம் தெரிந்திருக்கும். அப்படிப்பட்ட ஜோடிக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை.

அதன் சின்னப் பெட்டிகள்

அதே கம்பெனி, அதே பொம்மைகள், சின்ன அளவு. இதில் இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

காம்பாட் பேட்ரோல் என்பது கடையில் அதே பெயரில் விற்கும் பெட்டியில் இருப்பதை அப்படியே வைத்து ஆடுவது. பட்டியல் போட வேண்டாம், புள்ளி கூட்ட வேண்டாம். எந்தப் பெட்டி யாருடையது என்று முடிவானால் உடனே ஆடலாம். களம் 44-க்கு 30 இன்ச், கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் நாலு பேர் மேசையிலேயே அடங்கும். விதிகள் இலவசமாக இறக்கிக்கொள்ளக் கிடைப்பவை. எல்லாப் பெட்டிகளும் சமபலம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘நீ காசு போட்டுப் பலமான படை வாங்கிட்ட’ என்ற பேச்சு இதில் எழாது. நண்பர்களுக்குள் அது பெரிய விஷயம்.

கில் டீம் வேறு ரகம். ஆளுக்கு ஆறிலிருந்து பதினான்கு வீரர்கள், 22-க்கு 30 இன்ச் களம், நான்கு சுற்று. நான் ஒருவனை நகர்த்தினால் அடுத்து நீங்கள் ஒருவனை நகர்த்தலாம். சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம் குறைவு. பெட்டியும் மலிவு. பிறகென்ன என்று நினைப்பீர்கள். சின்ன ஆட்டம்தான், சுலபமான ஆட்டமில்லை. ஒவ்வொரு வீரனுக்கும் பதுங்கு அல்லது தாக்கு என்ற உத்தரவு கொடுக்க வேண்டும். மறைவு ஒன்று, அரை மறைவு ஒன்று, உயரத்திலிருந்து பார்த்தால் இன்னொன்று. ஆளுக்கு ஒரு தனித் திறமை. ஒருவனுக்குத் தப்பான உத்தரவு கொடுத்தால் முதல் சுற்றிலேயே உங்கள் ஸ்னைப்பர் போய்விடுவான், பன்னிரண்டு பேரில் ஒருவன் போவது வலிக்கும். 2021 பதிப்பில் இன்ச் என்று சொல்லாமல் முக்கோணம், வட்டம், சதுரம் என்று வடிவங்களில் தூரம் சொன்னார்கள். எங்கள் கூட்டத்தில் அதைக் கேட்டுச் சிரித்தது கொஞ்ச நஞ்சமில்லை. 2024 பதிப்பில் இன்ச்சுக்கே திரும்பிவிட்டார்கள். செஸ் மாதிரி யோசித்து ஆடப் பிடிக்கும் இருவருக்கு இது பிரமாதம். நாலு பேர் அரட்டைக்கு நடுவில் ஆடுவதற்கு இல்லை.

செலவைப் பற்றிக் கொஞ்சம். ஒரு காம்பாட் பேட்ரோல் பெட்டி நம் கைக்கு வரும்போது பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். 2000 புள்ளிப் படைக்கு அப்படி நாலைந்து பெட்டி, அதன் மேல் பெயின்ட். வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்தால் தபால் செலவோடு சுங்கமும் சேரும். பொம்மைகளுக்கான சுங்க வரியை 2020 பிப்ரவரியில் 20 சதவீதத்திலிருந்து 60-க்கு ஏற்றினார்கள், 2023-இல் அது 70 ஆனது. உங்கள் பார்சல் எந்தத் தலைப்பில் வகைப்படுத்தப்படும், அன்றைக்கு விகிதம் என்ன என்பதையெல்லாம் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். நாலு பேர் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போட்டால் தபால் செலவாவது பிரியும்.

இலவச விதி, எந்தப் பொம்மையும் சரி

ஒன் பேஜ் ரூல்ஸ் என்று ஒரு குடும்பமே இருக்கிறது. எதிர்கால யுத்தத்துக்கு கிரிம்டார்க் ஃபியூச்சர், மந்திர வாள் உலகத்துக்கு ஏஜ் ஆஃப் ஃபேன்டஸி, சின்னச் சண்டைக்கு ஃபயர்ஃபைட். அடிப்படை விதிகள் காசில்லாமல் கிடைக்கும், படைப் பட்டியல் போட இணையக் கருவியும் உண்டு. எந்தக் கம்பெனி பொம்மையாக இருந்தாலும் ஆடலாம் என்பதுதான் இதன் சாரம்.

மேலே பார்த்த அதே துப்பாக்கிச் சூடு இதில் இரண்டே உருட்டலில் முடிந்துவிடும். சுடுகிறவர் தன் தர எண்ணுக்கு உருட்டுவார், சுடப்படுகிறவர் தன் தற்காப்பு எண்ணுக்கு உருட்டுவார். அவ்வளவுதான். பிரிவுகள் மாறி மாறி நகரும், நான்கு சுற்றில் ஆட்டம் முடியும். புது ஆளுக்கு இரண்டாவது சுற்றிலேயே பிடிபட்டுவிடும். எலெக்ட்ரானிக் சிட்டிக்காரன் இதில் முதல் ஆட்டத்திலேயே மூன்றாவது சுற்றுக்கு என் உதவியில்லாமல் போய்விட்டான். அவனைப் பொறுத்தவரை அது சாதனை.

குறை இருக்கிறது. எல்லாப் படைகளும் கொஞ்சம் ஒரே ருசியில் இருக்கும். 40,000 ஆடிவிட்டு இதற்கு வருகிறவர்கள் ‘சப்புன்னு இருக்கு’ என்பார்கள், அது பொய்யில்லை. ஓர்க் படைக்கும் மரீன் படைக்கும் எண்களில் வித்தியாசம் தெரியும், குணத்தில் அவ்வளவாகத் தெரியாது. குணத்தை நீங்கள்தான் வாயால் சேர்க்க வேண்டும்.

எந்தப் பொம்மையும் சரி என்பதால் இந்த இடத்தில் முப்பரிமாண அச்சு உள்ளே வரும். எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் சுற்றிப் பழகிய நம்மூர் இன்ஜினியர்களுக்கு இது தனி போதை. ரெசின் பிரிண்டரில் வரும் நுணுக்கம் அருமையாக இருக்கும், ஒரு பொம்மையின் பொருட்செலவு சொற்பம். ஆனால் திரவ ரெசின் கையில் படக் கூடாது, கையுறை வேண்டும், ஆல்கஹாலில் கழுவ வேண்டும், புற ஊதா வெளிச்சத்தில் காய வைக்க வேண்டும், வாடை போகக் காற்றோட்டம் வேண்டும். சமையலறையை ஒட்டிய பயன்பாட்டு பால்கனிதான் ஒரே காலி இடம் என்றால், கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இந்த வேலையே வேண்டாம். சிற்பிகளிடம் கோப்பு வாங்கி அச்சடித்துத் தருகிறவர்களிடம் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். கேம்ஸ் வொர்க்‌ஷாப் பொம்மைகளை அப்படியே நகலெடுத்து விற்கிறவர்களிடம் போகாதீர்கள், அது திருட்டு.

புளியங்கொட்டையும் ஹாட் வீல்ஸும்

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். கேஸ்லேண்ட்ஸ், மைக் ஹட்சின்சன் எழுதியது. 2017-இல் ஆஸ்ப்ரே வெளியிட்டது, 2019-இல் திருத்திய பெரிய பதிப்பு வந்தது. இதற்குத் தனிப் பொம்மை இல்லை. சூப்பர் மார்க்கெட் கல்லாவுக்குப் பக்கத்தில் கம்பியில் தொங்கும் ஹாட் வீல்ஸ், மேட்ச்பாக்ஸ் கார்தான் படை. ஒன்று 200 ரூபாயை ஒட்டி வரும். வீட்டில் பையன் இருந்தால் அதுவும் வேண்டாம், கட்டிலுக்கு அடியில் தேடினாலே ஒரு படை கிடைக்கும்.

நாசமாய்ப் போன உலகத்தில் ஆயுதம் பூட்டிய கார்களின் பந்தயம், இதுதான் கதை. இதை விளக்க ஒரு நிமிடம் போதும். ஆளுக்கு 50 கேன் பெட்ரோல், அதுதான் பணம். சாதாரண கார் 12 கேன், மெஷின் கன் 2 கேன். நாலு வண்டிக்குள் அணி முடிந்துவிடும். ஒரு சுற்றில் ஆறு கியர் கட்டம் உண்டு. உங்கள் கார் நாலாவது கியரில் இருந்தால் முதல் நாலு கட்டத்திலும் நகர வேண்டும், இரண்டில் இருந்தால் இரண்டோடு சரி. வேகமாகப் போகிறவனுக்கு வாய்ப்பு அதிகம், ஆபத்தும் அதிகம். இந்த ஒற்றை விதியில் முழு ஆட்டமும் அடங்கிவிடுகிறது, இதைப் புரியவைக்க நான் யாரிடமும் இரண்டாவது தடவை பேசியதில்லை.

எப்படி ஆடுவோம் என்று சொல்கிறேன். சாப்பாட்டு மேசையில் பழைய பழுப்புப் போர்வை, அதன் அடியில் இரண்டு புத்தகம் செருகினால் மேடு. இரண்டு எவர்சில்வர் டம்ளர் நடுவே பந்தய வாசல். எலெக்ட்ரானிக் சிட்டிக்காரனின் சிவப்புக் கார் நாலாவது கியரில் வருகிறது. வாசலைத் தாண்டியதும் திரும்ப வேண்டும். மெதுவான வளைவு, நீள நேர்க்கோடு, கொண்டை ஊசி என்று அட்டையில் வெட்டிய டெம்ப்ளேட்டுகள் இருக்கின்றன. தொட்ட டெம்ப்ளேட்டை மாற்ற முடியாது. அவன் கூர்மையான திருப்பம் ஒன்றை எடுக்கிறான்.

“டேய், நாலாவது கியர்லடா. யோசிச்சுக்கோ.”

“ஊட்டி ரோட்டுல ஓட்டினவன்டா நான்.”

சறுக்கல் பகடை உருளும். அதற்கென்று தனிப் பகடை உண்டு, இல்லாவிட்டால் சாதாரணப் பகடையில் எண்களை ஒதுக்கிக்கொள்ளலாம். ஒன்று பக்கவாட்டில் வழுக்கல், ஒன்று சுழல், ஒன்று அபாயம். ஒவ்வோர் அபாயத்துக்கும் காருக்குப் பக்கத்தில் ஒரு புளியங்கொட்டை வைப்போம். தாயத்துக்கும் பல்லாங்குழிக்கும் வைத்திருந்த டப்பா, அதே வேலைக்கு இங்கேயும் வந்துவிட்டது. ஏற்கெனவே நாலு இருந்தன. திருப்பமே அபாயகரமானது என்பதற்கு ஒன்று, பகடை கொடுத்தது ஒன்று. ஆறு ஆனால் வண்டி நிலை குலையும். கவிழ்கிறதா என்று பார்க்க இன்னொரு பகடை, பிறகு முதல் கியருக்கு விழ வேண்டியதுதான். கடைசியாக, எதிராளி அந்தக் காரை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பி வைக்கலாம். நான் அதைச் சுவரைப் பார்க்க வைத்தேன். அவன் கத்தியதில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தோற்பதும் வேடிக்கையாக இருக்கிற ஆட்டம் இது, பொழுதுபோக்கு ஆட்டத்துக்கு நான் தேடுகிற முதல் குணம் அதுதான். 40,000-இல் இரண்டாவது சுற்றிலேயே பாதிப் படையை இழந்தால் மீதி இரண்டு மணி நேரம் கடமைக்கு ஆட வேண்டியிருக்கும். இங்கே நாசமாவதே காட்சி.

பெயின்ட் பைத்தியங்களுக்கும் இடம் உண்டு. எம்-சீலைப் பிசைந்து கவசத் தகடு, தீர்ந்த பேனா ரீஃபிலை வெட்டிக் குழல், ஜன்னலில் கொசுவலைத் துண்டு. மேலே கறுப்பு ப்ரைமர், துருவுக்குக் காவி நிறத்தைப் பஞ்சால் ஒற்றினால் போதும். மேடு பள்ளங்களைத் தெர்மாகோலில் வெட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்ப்ரே நேராகப் பட்டால் தெர்மாகோல் உருகிக் குழிந்துவிடும். முதலில் ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து ஒரு பூச்சு, காய்ந்த பிறகு பிரஷ்ஷால் அக்ரிலிக் அடியுங்கள்.

இதற்கும் எல்லை இருக்கிறது. நாலு பேர், ஆளுக்கு மூன்று வண்டி என்று போனால் ஆறு கட்டத்திலும் நகர்த்தியே மாலை போய்விடும். ஆளுக்கு இரண்டு வண்டி போதும். டெம்ப்ளேட் ஓரம் தட்டி மற்ற வண்டி நகர்ந்துவிடும், ‘இது இடிச்சதா இல்லையா’ என்ற வழக்கு வரும். படை என்ற பெருமிதமும் இல்லை. மேசை நிறைய வரிசை கட்டி நிற்கும் வீரர்களைப் பார்க்கத்தான் இந்தப் பொழுதுபோக்குக்கு வந்தேன் என்பவருக்கு இது பசியைத் தீர்க்காது.

சரித்திரம், காகிதத்தில்

அப்படிப்பட்டவருக்கு மலிவான வழி ஒன்று இருக்கிறது. நம் பக்கத்தில் யாரும் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நீல் தாமஸ் 2014-இல் எழுதிய ‘ஒன்-அவர் வார்கேம்ஸ்’. மூன்றடிக்கு மூன்றடி களம், ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் ஆறு பிரிவு, பதினைந்து முறை. ஒரு பிரிவு பதினைந்து அடி வாங்கினால் போய்விடும். முப்பது சூழல்கள் தந்திருக்கிறார். விதி ஒவ்வொரு காலத்துக்கும் சில பக்கம்தான். கடுமையான சரித்திர ஆர்வலர்கள் ‘இது ரொம்ப எளிமை’ என்று முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

பெங்களூரில் இருக்கிற தமிழருக்கு இதில் களம் தேட எங்கும் போக வேண்டாம். கே.ஆர். மார்க்கெட் பக்கத்தில் மிச்சமிருக்கும் கோட்டையை காரன்வாலிஸ் 1791 மார்ச் 21 அன்று பிடித்தார். எனக்கு அதைவிடப் பிடித்தது காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூர், 1780 செப்டம்பர் 10. காஞ்சியில் இருந்த பிரிட்டிஷ் தளபதி மன்றோவின் படையோடு சேர வடக்கிலிருந்து வந்துகொண்டிருந்த பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் மடக்கினார்கள். மைசூர் ராக்கெட்டுகள் பறந்தன, கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன, பெய்லி சரணடைந்தார். ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்தப் போரைப் பெரிய ஓவியமாகப் பார்க்கலாம்.

மேசையில் இதைச் சமபலமாக வைக்க முயலவே வேண்டாம். கம்பெனிப் பக்கம் நாலு பிரிவு, மைசூர்ப் பக்கம் ஆறு. ராக்கெட் பிரிவை பீரங்கியாகக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். கம்பெனியின் ஒரே ஒரு பிரிவு காஞ்சிபுர விளிம்பைத் தொட்டுவிட்டால் அந்தப் பக்கம் ஜெயிப்பு. அடுத்த ஆட்டத்தில் பக்கம் மாறிக்கொள்ளுங்கள். சிப்பாய்களைக் காகிதத்தில் அச்சடித்து, கனமான அட்டையில் ஒட்டி, வெட்டி நிறுத்தினால் போதும். கலர் பிரிண்ட் கடைக்குக் கொடுக்கும் காசுதான் செலவு. ஒரு மணி நேரத்தில் முடிகிற ஆட்டம் என்பதால் ஒரே மத்தியானத்தில் சரித்திரத்தை இரண்டு விதமாக எழுதிப் பார்க்கலாம்.

எங்கே, யாரோடு, என்ன பேசிக்கொண்டு

எந்த ஆட்டமாக இருந்தாலும் வீடு முதல் சாய்ஸ். போர்டுகேம் கஃபேக்களில் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம், வெளிச்சம் மங்கல், மேசை சின்னது. கில் டீமுக்குப் போதும், மற்றவற்றுக்குக் கஷ்டம். அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸ் கிடைத்தால் அருமை, ‘என்ன சார், பசங்க பொம்மையா?’ என்று கேட்கிற அங்கிள்களுக்குப் பதில் தயாராக இருந்தால். எங்கள் ஆட்கள் ஊரின் நாலு மூலையிலிருந்தும் வருகிறார்கள். எலெக்ட்ரானிக் சிட்டிக்கு 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் லைன் வந்த பிறகு சில்க் போர்டு ஜங்ஷன் டிராஃபிக் என்ற சாக்கு செல்லாது. மெட்ரோவில் வருகிறவர்கள் கட்டரையும் ஸ்ப்ரே டப்பாவையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், பை ஸ்கேனருக்குள் போகும். பொம்மைகளின் அடியில் சின்னக் காந்தம் ஒட்டி இரும்பு டப்பாவில் நிறுத்தினால் கூட்டத்தில் இடித்தாலும் கை கால் உடையாது. இந்த விஷயத்திலும் கேஸ்லேண்ட்ஸ் ஜெயிக்கிறது. கார்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வரலாம்.

ஆட்டத்தைவிட முக்கியமானது, ஆரம்பிக்கும் முன் பேசும் ஐந்து நிமிடம். தெருக் கிரிக்கெட்டில் ஒன் பிட்ச் கேட்ச் அவுட்டா, மாடிக்குப் போனால் சிக்ஸரா அவுட்டா என்று டாஸுக்கு முன்பே முடிவு செய்வோம் இல்லையா, அதேபோலத்தான். பெயின்ட் அடிக்காத பொம்மை பரவாயில்லையா? 40,000 போட்டிகளில் முழுப் படையும் பெயின்ட் அடித்திருந்தால் 100-இல் 10 புள்ளி அதற்கே உண்டு. வீட்டில் அதைத் தூக்கி எறியுங்கள். மறந்துபோன நகர்வைத் திரும்ப எடுக்கலாமா? மேசை விளிம்பில் சாய்ந்து நின்ற பகடை செல்லுமா? ‘இவன் அந்த ஜன்னலுக்குத் தெரியாத மாதிரி நிக்கிறான்’ என்று வாயால் சொன்னால் அரை இன்ச் பிசகை வைத்து எதிராளி சுடாமல் இருப்பாரா? இதற்கெல்லாம் ஆமாம் என்று சொல்கிற ஆள் எதிரில் இருந்தால் 2000 புள்ளி ஆட்டமும் இனிக்கும். விதி எண் சொல்லி வாதாடுகிறவர் இருந்தால் பொம்மைக் கார் பந்தயமும் கோர்ட்டாகிவிடும்.

சரி, முடிவு. ஒன்றுமே இல்லாமல் தொடங்கும் நாலு பேருக்கு நான் சொல்வது கேஸ்லேண்ட்ஸ்: எட்டு கார், விதிப் புத்தகம் ஒன்று, வெட்டிய டெம்ப்ளேட், பகடை. அதில் இரண்டு பேருக்குச் சரித்திரம் பிடிக்கும் என்றால் அடுத்த மாதம் புள்ளலூர். யாரிடமாவது பழைய பொம்மைகள் பல கம்பெனிகளில் கலந்து கிடந்தால், அல்லது பிரிண்டர் ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால், ஒன் பேஜ் ரூல்ஸ். இருவர் மட்டும், இருவருக்கும் மூளையைக் கசக்கப் பிடிக்கும் என்றால் கில் டீம். இத்தனைக்குப் பிறகும் ஒருவன் பெரிய படைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், காம்பாட் பேட்ரோல் பெட்டி ஆளுக்கு ஒன்று. மூன்றாவது பெட்டியைப் பற்றி, அந்த இரண்டுக்கும் பெயின்ட் அடித்து முடித்த பிறகு பேசலாம்.